கடலடியில் மூச்சை அடக்காதீர்கள்

தமிழில் கடலுக்குள் இறங்குவதைப் பற்றிப் பேசினாலே 'மூச்சடக்கி' என்ற சொல் தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதற்கு நியாயமான காரணம் உண்டு. கொற்கைக் காலம் தொட்டு நம் கரையில் கடலடியை அறிந்தவர்கள் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும்தான். கயிற்றில் கட்டிய கல்லைக் காலால் பற்றிக்கொண்டு இறங்குவார்கள். ஏறத்தாழ ஒரு நிமிடம் தரையைத் துழாவிச் சிப்பிகளைப் பொறுக்குவார்கள். மேலே கயிற்றைப் பிடித்திருப்பவர் இழுக்க, நீர்மட்டத்துக்கு வருவார்கள். மன்னார் வளைகுடாவில் நம் பக்கம் கடைசியாக முத்துக் குளித்தது 1961இல். தொழில் நின்றுபோனாலும் அந்தக் காட்சி நம் மனத்தில் நிற்கிறது. அதனால்தான் ஒருவர் ஸ்கூபா (முதுகில் சிலிண்டருடன் கடலுக்குள் இறங்குவது) பழகப் போகிறேன் என்றதும், "உன்னால் எவ்வளவு நேரம் மூச்சை அடக்க முடியும்?" என்று கேட்கிறோம். ஸ்கூபாவைப் பொறுத்தவரை இதைவிடத் தவறான கேள்வி இருக்க முடியாது. அந்தப் பயிற்சியின் முதல் விதியே, எந்த நிலையிலும் மூச்சை அடக்காதே என்பதுதான். ஸ்கூபா பற்றி நம்மிடையே உலவும் மற்ற தவறான எண்ணங்களும் பெரும்பாலும் இந்த ஒன்றிலிருந்தே கிளைத்தவை என்று நினைக்கிறேன்.

கணக்கு எளிது. கடல் மட்டத்தில் நம்மேல் ஒரு வளிமண்டல அழுத்தம் இருக்கிறது. நீருக்குள் ஒவ்வொரு 10 மீட்டருக்கும் இன்னொன்று கூடுகிறது. முத்துக் குளிப்பவர் மேலேயே 6 லிட்டர் காற்றை நிரப்பிக்கொண்டு இறங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அது 3 லிட்டராகச் சுருங்கும், 20 மீட்டரில் 2 லிட்டராகும். திரும்பி வரும்போது மறுபடி 6 லிட்டராக விரியும். கொண்டுபோனது அப்படியே திரும்புகிறது, நுரையீரலுக்குச் சேதமில்லை. ஸ்கூபாவில் நடப்பது வேறு. வாயில் கவ்வியிருக்கும் ரெகுலேட்டர், அந்தந்த ஆழத்தின் அழுத்தத்துக்கு ஈடாகக் காற்றைத் தருகிறது. 20 மீட்டர் ஆழத்தில் நுரையீரல் நிறைய இழுக்கும் 6 லிட்டர், மூன்று மடங்கு அடர்த்தியான காற்று. அதை அடக்கிக்கொண்டு மேலே வந்தால் நீர்மட்டத்தில் அதற்கு 18 லிட்டர் இடம் வேண்டும். அந்த இடம் எங்கே இருக்கிறது? நுரையீரல் திசு கிழியும். காற்றுக் குமிழ்கள் ரத்தத்தில் நுழைந்து மூளைக்கும் போகலாம். ஒன்றரை மீட்டர் ஆழத்திலிருந்து மூச்சடக்கி எழுந்தவர்களுக்குக்கூட இது நேரலாம். முத்துக் குளிப்பவரின் உயிரைக் காத்த அதே பழக்கம் இங்கே உயிரை எடுக்கும்.

ஆழம் அதிகமானால்தான் ஆபத்து, கரையோரத்தில் கவலையில்லை என்ற எண்ணத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 30 மீட்டரிலிருந்து 40 மீட்டருக்கு இறங்கும்போது அழுத்தம் நான்கிலிருந்து ஐந்தாகிறது, அதாவது கால் பங்குதான் கூடுகிறது. முதல் 10 மீட்டரிலோ அது இரண்டு மடங்காகிறது. காற்று வெகுவாக விரிவதும் சுருங்குவதும் நாம் அலட்சியமாக இருக்கும் இந்த மேல்பகுதியில்தான். ஊட்டிக்குப் பேருந்தில் போகும்போது பையில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்பித் தலையணைபோல் ஆவதைப் பலர் பார்த்திருப்பார்கள். இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலையேறிய பிறகு நேரும் அந்த விரிவு, கடலில் 3 மீட்டர் ஆழத்திலிருந்து எழும்போதே நேர்ந்துவிடும். காது வலியும் இதே கணக்குதான். இரண்டு மூன்று மீட்டரிலேயே செவிப்பறை உள்நோக்கி அழுத்தப்படும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதினால் நடுக்காதுக்குள் காற்று புகுந்து அழுத்தம் சமமாகும். வலி தொடங்குவதற்கு முன்பே, இறங்க இறங்கத் திரும்பத் திரும்ப இதைச் செய்ய வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு வலியைப் பொறுப்பது வீரம் என்று நினைப்பவர் செவிப்பறையைக் கிழித்துக்கொள்வார். சளி பிடித்திருக்கும் நாளில் இறங்கவே கூடாது என்பதும் இதனால்தான்.

அடுத்தது 'ஆக்சிஜன் சிலிண்டர்'. நாளிதழ்களில் கடலடித் தேடுதல் செய்தி எதிலும் வீரர்கள் ஆக்சிஜன் சிலிண்டருடன்தான் இறங்குவார்கள். உண்மையில் முதுகில் இருப்பது நாம் இப்போது சுவாசிக்கும் அதே காற்று, ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜனும் மீதி பெரும்பாலும் நைட்ரஜனும், வடிகட்டி 200 மடங்கு அழுத்தத்தில் அடைக்கப்பட்டது. தூய ஆக்சிஜன் அழுத்தத்தில் நஞ்சாகும் என்பதை பிரெஞ்சு உடலியலாளர் போல் பெர் 1878இல் வெளிவந்த நூலிலேயே காட்டிவிட்டார். 6 மீட்டருக்குக் கீழே அதைச் சுவாசித்தால் வலிப்பு வரும் ஆபத்து உண்டு. நீருக்குள் வலிப்பு வந்தால் ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவிவிடும். கடலாய்வாளர் ஜாக் கூஸ்தோ தொடக்கத்தில் ஆக்சிஜன் கருவிகளைச் சோதித்து, அப்படி வலிப்பு வந்து உயிர் தப்பியவர். பிறகு 1943இல் அவரும் பொறியாளர் எமீல் கஞ்ஞானும் காற்றைக்கொண்டு இயங்கும் கருவியை உருவாக்கினார்கள். போர்க்காலப் பெட்ரோல் தட்டுப்பாட்டில் கார்களை எரிவாயுவில் ஓட்டுவதற்காக கஞ்ஞான் செய்திருந்த வால்வுதான் அதற்கு அடிப்படை. இழுத்தால் தரும், நிறுத்தினால் நின்றுவிடும். பெயரில் என்ன இருக்கிறது, ஆக்சிஜன் என்றே சொல்லிவிட்டுப் போகட்டுமே என்று கேட்கலாம். அந்தப் பெயர் நைட்ரஜனை நம் கண்ணிலிருந்து மறைத்துவிடுகிறது. ஸ்கூபாவில் கவனிக்க வேண்டிய வாயுவே அதுதான்.

அழுத்தத்தில் சுவாசிக்கும் நைட்ரஜன் ரத்தத்திலும் திசுக்களிலும் கரைந்து சேர்கிறது. மெல்ல ஏறினால் நுரையீரல் வழியாகவே வெளியேறும். வேகமாக ஏறினால், மூடி திறந்த சோடாவைப்போல உடலுக்குள்ளேயே குமிழ்விடும். மூட்டுவலி, மரத்துப்போதல், முற்றினால் பக்கவாதம். உடலியலாளர் ஜான் ஸ்காட் ஹால்டேன் ஆடுகளை அழுத்த அறையில் வைத்துச் சோதித்து, படிப்படியாக ஏறும் முறையை 1908இல் வகுத்தார். இன்றும் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நின்றுவிட்டு ஏறச் சொல்வது அந்த வழியில் வந்ததுதான். இந்த இடத்தில் ஒரு வலுவான மறுப்பு எழும். நம் கரையில் கம்ப்ரசர் குழாயை வாயில் வைத்துக்கொண்டு சங்கு குளிக்கப் போகிறவர்கள் எந்த வகுப்பில் படித்தார்கள், நாள்தோறும் போய் வருகிறார்களே? அவர்களுடைய திறமையில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் நைட்ரஜன் திறமையைப் பார்ப்பதில்லை. எவ்வளவு ஆழம், எவ்வளவு நேரம் என்ற இரண்டை மட்டுமே பார்க்கிறது. குழாய்வழிக் காற்றுக்கு அளவே கிடையாது என்பதால் இந்த இரண்டும் கட்டுமீறிப் போகும். கம்ப்ரசரின் காற்றுவாய் எஞ்சின் புகைக்குப் பக்கத்தில் இருந்தால் கார்பன் மோனாக்சைடும் கூடவே இறங்கும். அவர்கள் பிழைத்து வருவதை ஆபத்தில்லை என்பதற்குச் சான்றாகக் காட்டுவதைவிட, ஏறும் வேகத்தையும் நேர அட்டவணையையும் அவர்களுக்கு முறையாகச் சொல்லித் தராமல் விட்டிருக்கிறோமே என்று வருந்துவதுதான் நியாயம்.

சரி, கருவி பழுதானால் என்ன செய்வது, சுறா வந்தால் என்ன செய்வது? அச்சம் இயல்பானது; ஆனால் எதற்கு அஞ்சுவது என்பதைத் தரவு சொல்ல வேண்டும். பொழுதுபோக்காக ஸ்கூபா செய்து இறந்த 947 பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2008இல் ஒரு கட்டுரை வெளியானது. 1992 முதல் 2003 வரையிலான மரணங்கள் அவை. விபத்தைத் தொடங்கிவைத்தது எது என்று அடையாளம் காண முடிந்தவற்றில் 41 விழுக்காடு, காற்று போதாமல் போனது. கருவிக் கோளாறு 15 விழுக்காடுதான். ரெகுலேட்டர் பழுதானால் பெரும்பாலும் காற்று நிற்காமல் கொட்டும்படிதான் அதை வடிவமைத்திருக்கிறார்கள். அதற்கு மேல், பக்கத்தில் வரும் துணைவரிடம் இன்னொரு வாய்ப்பகுதி இருக்கும். காற்று தீர்வதற்குக் காரணம் வேறு. 20 மீட்டரில் ஒவ்வொரு மூச்சும் மேலே எடுப்பதைப்போல மூன்று மடங்கு காற்றைச் செலவழிக்கும். பதற்றத்தில் வேகவேகமாக மூச்சு வாங்குபவரின் சிலிண்டர் பாதி நேரத்திலேயே காலியாகும். அழுத்தமானியைப் பார்க்கவும் மறந்துவிடுவார்; தீர்ந்ததும் மூச்சை அடக்கிக்கொண்டு மேலே பாய்வார். அதே ஆய்வில் உயிரைப் பறித்த பாதிப்புகளில் கால் பங்கு இதயக் கோளாறு. மருத்துவப் படிவத்தில் மூச்சிரைப்பையும் நெஞ்சுவலியையும் மறைப்பவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சுறாவைப் பற்றி நீட்டிப் பேச வேண்டியதில்லை. உலகம் முழுவதும் சீண்டாமல் சுறா கடித்ததாகப் பதிவாகும் நிகழ்வுகள் ஆண்டுக்கு நூற்றுக்கும் குறைவு, அவற்றிலும் பெரும்பாலானவை நீர்மட்டத்தில் இருப்பவர்களுக்கு நேர்பவை. நஞ்சுள்ள கல்மீனையும் கூம்புச் சங்கையும் கையால் தொடாமல் இருப்பது அதைவிடப் பயனுள்ள எச்சரிக்கை.

'நீச்சல் தெரியாதவர்களும் வரலாம்' என்ற விளம்பரம் பாதி உண்மை. அந்தமானிலும் புதுச்சேரியிலும் சுற்றுலாப் பயணிகளைப் பயிற்சியாளர் பிடித்துக்கொண்டே 12 மீட்டருக்குள் அழைத்துச் சென்று காட்டுவது ஒன்று. சான்றிதழ் பெற்று 18 மீட்டர் வரை துணைவருடன் தானே இறங்கப் பழகுவது வேறு. இரண்டாவதற்கு, 200 மீட்டர் நிற்காமல் நீந்தவும் 10 நிமிடம் மிதக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பது பரவலாகக் கேட்கப்படும் அளவு. வேகம் தேவையில்லை. ஒலிம்பிக் நீச்சல் வீரரானாலும் கைகால்களை அடித்துக்கொண்டிருந்தால் கடலடியில் நல்ல மாணவராக மாட்டார். அங்கே ஏறுவதும் இறங்குவதும் மூச்சாலேயே நடக்கும். மிதப்பைச் சரிசெய்துகொண்ட ஒருவர் ஆழ மூச்சிழுத்ததும் ஓரிரு நொடி எதுவும் நடப்பதில்லை. பிறகு ஒரு சாண் மேலே எழுகிறார். மெல்ல வெளிவிட்டால் அதே அளவு தாழ்கிறார். இது பிடிபட்டவரின் கால் பவளத்தில் படாது. பிடிபடாதவர் நிலைதடுமாறி, கல் என்று நினைத்து எதைப் பற்றுகிறாரோ அது உயிருள்ளது. ஆயிரக்கணக்கான சிற்றுயிர்கள் மெல்லிய தோலாக மேலே படர்ந்திருக்க, கீழே அவை கட்டிய சுண்ணாம்புக் கூடு. விரல் பட்டாலே அந்தத் தோல் சேதமாகும்.

ஆழத்தில்தான் அழகு என்பதும் எனக்குப் பொய்யாகவே படுகிறது. நீர் முதலில் விழுங்குவது சிவப்பு நிறத்தை. பத்து மீட்டருக்குள்ளேயே அது பெருமளவு மங்கிவிடும். 20 மீட்டருக்குக் கீழே விரலில் கீறல் பட்டால் ரத்தம் பச்சையாகத் தெரியும். பவளத்துக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிக்கு வெயில் வேண்டும். ஆகவே நிறமும் கூட்டமும் வெயில் எட்டும் இடத்தில்தான். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையே 21 தீவுகளைச் சுற்றியுள்ள பவளப்பாறைகள் பெரும்பாலும் சில மீட்டர் ஆழத்திலேயே இருக்கின்றன. ஆழத்துக்குப் போய்த்தான் பார்க்க வேண்டியவையும் இருக்கின்றனவே என்றால், இருக்கின்றன. 1942 ஏப்ரல் 9 அன்று மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய ஹெர்மிஸ் விமானந்தாங்கிக் கப்பல் 50 மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு ஸ்கூபாவின் எல்லை 40 மீட்டர். 30 மீட்டர் தாண்டியதும் நைட்ரஜன் மது அருந்தியதைப்போல மதியை மயக்கத் தொடங்கும். ஹெர்மிஸ் கிடக்கும் ஆழம், அதற்கென்று தனிப் பயிற்சி பெற்றவர்களுக்கானது. தொடங்குபவர் இழப்பது ஒன்றுமில்லை. கடலடி மௌன உலகம் என்று நம்பி வருபவருக்கு அந்தச் சில மீட்டரிலேயே வியப்பு காத்திருக்கிறது. எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் இடைவிடாத படபடப்பு, கொடுக்கைச் சொடுக்கும் சிற்றிறால்களிடமிருந்து. இடையிடையே கறுக் கறுக்கென்று பவளத்தைக் கொறிக்கும் கிளிமீன். மூச்சு வெளியே போகும் சலசலப்பு ஓய்ந்த நொடிகளில் இவை தெளிவாகக் கேட்கும்.

கரையேறியதும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதும் தவறு. அந்தமான் போகும் பலர் கடைசி நாள் காலையில் ஸ்கூபாவும் அன்று பிற்பகல் சென்னை விமானமும் என்று திட்டமிடுகிறார்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஏறத்தாழ ஊட்டியில் இருப்பதற்குச் சமம். கடல் மட்டத்தில் அடங்கியிருந்த நைட்ரஜன் அங்கே குமிழாகலாம். ஒருமுறை மட்டும் இறங்கியவர் 12 மணி நேரமும், பலமுறை இறங்கியவர் 18 மணி நேரமும் காத்திருந்துவிட்டுத்தான் விமானம் ஏற வேண்டும். கடலைப் பயணத்தின் முதல் நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி நாளில் ஸ்ரீ விஜயபுரத்தில் (முன்பு போர்ட் பிளேர்) செல்லுலார் சிறையைப் பார்க்கலாம், கடைத்தெருவில் நடக்கலாம். அந்த நேரமெல்லாம் உடலில் மிச்சமிருக்கும் நைட்ரஜன், ஒவ்வொரு மூச்சிலும் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறிக்கொண்டிருக்கும்.