கள்வனும் காவலனும்: ஓர் ஆட்டத்திற்குச் சிலம்பு தரும் முன்னுரை

சென்ற விடுமுறை முடிந்து சித்தூரிலிருந்து திருப்பதிக்குப் பேருந்தில் திரும்பிக்கொண்டிருந்தேன். உடன் வந்த நண்பன், தான் வாங்கி வைத்திருக்கும் கணிப்பொறி ஆட்டம் ஒன்றைப் பற்றிக் கேட்டான். "நீ தமிழ் படிக்கிறாய், ஆட்டமும் ஆடுகிறாய். இதைத் தொடங்குமுன் நான் அறிய வேண்டியது என்ன, சொல்" என்றான். ஏறத்தாழ 70 கிலோமீட்டர் வழியில் அவனுக்குச் சொன்னதையே ஒழுங்குபடுத்தி, நம் சங்க இதழின் வாயிலாக உங்கள் முன் வைக்கிறேன்.

ஆட்டத்தின் பெயர் 'டிஸ்ஆனர்டு'. மானம் பறிக்கப்பட்டவன் என்பது அதன் பொருள். லியோன், ஆஸ்டின் ஆகிய இரு நகரங்களில் அந்நாளில் இயங்கிய ஆர்க்கேன் நிறுவனத்தார் ஆக்கியது. 2012 அக்டோபரில் வெளிவந்தது. குருதியும் கொலையும் உண்டு. ஆதலால் பதினெட்டு வயது நிறைந்தோர்க்கே உரியது.

கதை டன்வால் என்னும் கற்பனை நகரில் நிகழ்கிறது. எலிகளால் பரவும் கொள்ளைநோய் அந்நகரை வாட்டுகிறது. பேரரசியின் மெய்க்காவலன் கார்வோ. அவன் கண்ணெதிரே பேரரசி கொல்லப்படுகிறாள். அவள் மகள் கடத்தப்படுகிறாள். கொலையை ஏவிய ஒற்றர் தலைவனே ஓடி வந்து, "இவன்தான் கொன்றான்" என்று கார்வோவைக் காட்டுகிறான். ஆறு திங்கள் சிறை. தலை போகும் நாளுக்கு முன் கார்வோ தப்புகிறான். அதன்பின் அவனுக்கு இயற்கை கடந்த ஆற்றல்கள் வந்து சேர்கின்றன.

அவ்வாற்றல்கள் நமக்குப் புதியவை அல்ல. இமைப்பொழுதில் ஓரிடம் விட்டு மற்றோரிடம் தாவலாம். சுவருக்கு அப்பால் நிற்பவரைக் காணலாம். காலத்தை மெதுவாக்கலாம், பயிற்சி மிகுந்தால் நிறுத்தியும் விடலாம். எலியின் உடலிலும் மீனின் உடலிலும், பின்னர் மனிதர் உடலிலும் புகலாம். கூடுவிட்டுக் கூடு பாய்தல் என்று நாம் கேட்ட கலைதான். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. திருமூலர் கதையில் பழைய உடல் ஓரிடத்தில் கிடக்க, உயிர் இடையன் உடலிற் புகுகிறது. இங்கோ உடலும் உடன் செல்கிறது; வெளியே வரும்போது புதிய இடத்தில் நிற்கிறோம்.

இத்தகைய ஆட்டத்தில் நாம் நாயகனைக் காண்பதில்லை. அவன் கண்களாலேயே காண்கிறோம். நம் உடலில் எவ்வளவு வெளியே தெரிகிறது என்பதை நாமே அறிய முடியாது. இவ்வகைக்கு முன்னோடியாகிய 'தீஃப்' என்ற ஆட்டம் 1998-இல் வந்தது. அதில் நாம் ஒளியில் நிற்கிறோமா இருளில் நிற்கிறோமா என்பதைக் காட்ட ஒரு மணி திரையின் அடியில் இருக்கும். பந்தங்களை அணைக்க நீர் அம்புகள் உண்டு. டன்வாலிலோ மூலையில் சாய்ந்து பார்க்கலாம். திறவுகோல் துளை வழியே நோக்கலாம். காவலனின் தலைக்கு மேல் மின்னல் போன்ற குறி எழுந்தால் அவனுக்கு ஐயம் பிறந்துவிட்டது என்பது பொருள்.

இனிச் சிலம்புக்கு வருவோம். கொலைக்களக் காதையில், கோவலனைக் கொல்ல வந்த காவலர் அவனைப் பார்க்கின்றனர். இவன் தோற்றம் கள்வன் தோற்றமன்று என்கின்றனர். பொற்கொல்லன் சிரிக்கிறான். களவுக்குத் துணையாவன எட்டு என்று எடுத்துரைக்கிறான். மந்திரத்தால் கண்ணுக்கு மறைவர். மருந்தால் நம்மை மயக்குவர். தெய்வத்தின் துணை பெறுவர். நிமித்தம் பார்த்தே கை வைப்பர். தந்திரமும் கருவியும் கைவந்தவர். இடமும் காலமும் தேர்ந்தவர். நண்பர்களே, கார்வோவின் ஆற்றல்கள் பலவும் இந்தப் பட்டியலுள் அடங்கிவிடுகின்றன அல்லவா?

அவன் சொல்லும் கதை ஒன்றும் உண்டு. பகலில் தூதனாக வந்த கள்வன், இரவில் பெண் வேடம் பூண்டு, விளக்கின் நிழலில் நுழைந்து, துயிலும் இளவரசன் மார்பிலிருந்த ஆரத்தைக் கவர்ந்தான். விழித்த இளவரசன் வாளை உருவினான். கள்வனோ வாளுறையைப் பற்றிக்கொண்டு, வீச்சுகளையெல்லாம் அதனுள்ளேயே ஏற்றான். பின் மற்போருக்கு இளவரசன் நெருங்க, மணித்தூண் ஒன்றைத் தானென மயங்கச் செய்து மறைந்தான். எந்த ஆட்டக்காரரும் கைதட்டி மகிழும் காட்சி இது.

ஆயினும் இங்கேதான் நாம் நின்று எண்ண வேண்டும். இத்தனை அழகான களவு நூலை ஓதுபவன் யார்? அரசியின் சிலம்பைத் திருடிய உண்மைக் கள்வன். ஓதுவது எதற்காக? குற்றமற்ற ஒருவனைக் கொல்வதற்காக. அவன் வாதத்தின் கூர்மையைப் பாருங்கள். கோவலனிடம் களவின் அடையாளம் இல்லை. ஆகவே அவன் தேர்ந்த கள்வன். நல்லவனாகத் தோன்றுகிறான், ஆகவே அவனிடம் மந்திரம் இருக்கிறது. சான்று இல்லாமையே சான்றாகிவிடுகிறது! இந்த வாதத்திற்கு எந்த மனிதன் மறுமொழி சொல்ல முடியும்? இளங்காவலன் ஒருவன், மழை பெய்த இரவில் தன் வாளைப் பறித்து மறைந்த கள்வனைப் பற்றித் தன் கதையையும் சேர்க்கிறான். அச்சம் வளர்கிறது. கல்லாத களிமகன் ஒருவனின் வாள் பாய்கிறது.

பழங்கதை என்று தள்ளிவிட முடியவில்லை. 2018 மே மாதத்தில், பிள்ளை பிடிப்போர் வந்துவிட்டனர் என்ற வதந்தி கைப்பேசிகளின் வழியே வடதமிழ்நாட்டில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்துப் போளூர் அருகே, குலதெய்வக் கோயிலுக்குச் சென்ற சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததற்காக அடித்துக் கொல்லப்பட்டார். வதந்தி எல்லை கடந்து எங்கள் பக்கமும் வந்தது. என் மாமா ஊர் ஊராகப் பாத்திரம் விற்பவர். ஒரு சிற்றூரில் அவரைச் சூழ்ந்துகொண்டனர். அவர் தெலுங்கில் பேசினார். "நம் மொழியும் கற்று வந்திருக்கிறான்" என்றனர். வண்டியில் பாத்திரம் இருந்தது; "வேடத்திற்கு வைத்திருக்கிறான்" என்றனர். அவரை அறிந்த பால்காரர் ஒருவர் அவ்வழியே வந்ததால் உயிரோடு வீடு திரும்பினார். அன்றிரவு மாமா உண்ணவில்லை. "நான் எதைச் சொன்னாலும் அதுவே குற்றமாயிற்று, மாப்பிள்ளை" என்றார். கொலைக்களக் காதையை நான் பாடமாகப் படித்தது பின்னால். அதன் பொருள் எனக்கு விளங்கியது அந்த இரவிலேதான்.

ஆதலால் நண்பனுக்கு நான் சொன்னவை இவை. முதலாவது: யாரையும் கொல்லாமலே இவ்வாட்டத்தை முடிக்க இயலும், அப்படியே ஆடிப் பார். கொலை மிகுந்தால் நகரில் எலிகள் பெருகும், நோயாளர் பெருகுவர், முடிவும் இருண்டு போகும். இரண்டாவது: கொல்லாமை என்றாலே அருள் என்று எண்ணிவிடாதே. சுரங்க முதலாளிகளாகிய இரு சகோதரரைக் கொல்லாது விடும் வழி, அவர்களை நா அறுத்து அவர்கள் சுரங்கத்திலேயே அடிமைகளாக்குவது! அதுவா இரக்கம்? மூன்றாவது: காவலனைப் பகையாக மட்டும் பாராதே. சுவருக்குப் பின் நின்று அவன் பேச்சைக் கேள். அவனும் யாரோ சொன்ன சொல்லை நம்பி நிற்பவன்.

ஆட்டத்தில் நாம் பிறர் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கிறோம். ஆற்றல் நம் கையில் இருக்கிறது. வாழ்விலோ, நம்மிற் பெரும்பாலோர் ஒரு நாள் கோவலனாகவோ, அவனைச் சூழ்ந்த காவலருள் ஒருவராகவோ நிற்க நேரலாம். அந்த நாளில், "தோற்றம் கள்வன் தோற்றமன்று" என்று முதலில் தோன்றிய எண்ணத்தைக் கைவிடாதவர் ஒருவர் கூட்டத்தில் இருந்தால் போதும். என் மாமாவுக்கு அப்படி ஒருவர் இருந்தார்; கோவலனுக்கு இல்லை.

பேருந்து திருப்பதியை அடைந்தபோது நண்பன் கேட்டான்: "முதலில் ஆட்டமா, சிலம்பா?" "இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்கு" என்றேன். உங்களுக்கும் அதையே சொல்லி அமைகிறேன்.