சங்கிலி ரம்பத்துக்கு ஏற்ற சாணைச் சக்கரம்

2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த கஜா புயல், தஞ்சை, திருவாரூர், நாகை, புதுக்கோட்டை மாவட்டங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்தது. வழியை அடைத்துக் கிடந்த மரங்களை அறுத்து அகற்றிய பின்னரே குடிநீரும் மருந்தும் பல ஊர்களுக்குள் செல்ல முடிந்தது. அத்தகைய வேளையில் கோடரியினும் விரைந்து உதவுவது சங்கிலி ரம்பம். ஆயின் மண் படிந்த மரத்தை அறுக்கையில் அதன் பற்கள் விரைவில் மழுங்கிவிடும். கூருள்ள பல் மரத்தைச் சீவல் சீவலாகத் தள்ளும். மழுங்கிய பல் மாவாகத் தள்ளும். எரிபொருள் வீணாவதோடு, அழுத்திப் பிடிக்க வேண்டியிருப்பதால் ஆளும் களைத்து விபத்துக்கு உள்ளாவான்.

சாணை பிடித்தால் கூர் திரும்பும். ஆனால் பொருந்தாத சக்கரத்தில் சாணை பிடித்தால் சங்கிலியே பாழாகும். ஆதலின் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயப் பெருமக்களும் கீழ்க்காண்பவற்றைக் கருத்தில் கொள்ளுதல் நலம்.

1. சக்கரத்தின் பொருள்

சாதாரண எஃகுப் பற்களுக்கு அலுமினியம் ஆக்சைடு மணிகளால் ஆன சக்கரமே ஏற்றது. மணிகளைப் பிணைக்கும் பொருள் மிகக் கடினமாக இருத்தலாகாது. கடினமாயின், தேய்ந்த மணிகள் உதிராமல் நின்று பல்லை உராய்ந்து சூடாக்கும். அளவான மென்மையிருப்பின், தேய்ந்த மணி உதிர்ந்து புதுமணி வெளிப்படும். பல்லும் குளிர்ச்சியாக இருக்கும். எஃகு ஏறத்தாழ 300 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில் நீலம் பாரிக்கும். பல்லில் அந்நிறம் கண்டால் எஃகின் பதம் கெட்டுவிட்டதென அறிக.

எஃகு வட்டின் விளிம்பில் போரான் நைட்ரைடு மணிகள் பதித்த சக்கரமும் உண்டு. அது வடிவம் மாறாது, சூடும் குறைவு, விலை மிகுதி. நாள்தோறும் பல சங்கிலிகளைச் சாணை பிடிக்கும் பட்டறைக்கே அது கட்டுப்படியாகும். கார்பைடு முனை பொருத்திய சங்கிலிக்கு வைரமணிச் சக்கரம் தேவை.

2. கனம்

அடுத்தடுத்த மூன்று ஆணிகளில் முதலாவதன் மையத்துக்கும் மூன்றாவதன் மையத்துக்கும் உள்ள தூரத்தை இரண்டால் வகுத்தால் கிடைப்பது சங்கிலியின் இடையளவு. 1/4 அங்குலச் சங்கிலிக்கும், சிறு ரம்பங்களில் உள்ள தாழ்ந்த பல்லுடைய 3/8 அங்குலச் சங்கிலிக்கும் 3.2 மில்லிமீட்டர் கனமுள்ள சக்கரம் பொருந்தும். பெரிய ரம்பங்களின் முழு 3/8 அங்குலம், 0.404 அங்குலச் சங்கிலிகளுக்கு 4.7 மில்லிமீட்டர் வேண்டும். 0.325 அங்குலச் சங்கிலிக்கு அதனைச் செய்தவர் தரும் அட்டவணையைப் பின்பற்றுக. பல்லின் முன்னுள்ள ஆழமட்டத்தைத் தேய்க்க 6 மில்லிமீட்டர் அல்லது அதனினும் தடித்த சக்கரம் தனியே தேவை. கொல்லுப் பட்டறையில் மண்வெட்டி தீட்டும் தடித்த சக்கரம் இவ்வேலைக்கு உதவாது.

3. துளையும் வேகமும்

சக்கரத்தின் துளை இயந்திரத்தின் அச்சில் சரியாகப் பொருந்த வேண்டும். தளர்வாகவோ இறுக்கமாகவோ இருத்தல் கூடாது. சக்கரத்தில் அச்சிட்ட உச்ச வேகம் இயந்திரத்தின் வேகத்துக்குக் குறைந்திருப்பின் அதனை வாங்கலாகாது. சுழலுகையில் வெடித்துச் சிதறும்.

4. சோதனை

மணிச் சக்கரத்தைப் பொருத்துமுன், துளையில் விரலிட்டுத் தொங்கவிட்டு, திருப்புளியின் மரப்பிடியால் மெல்லத் தட்டுக. தெளிந்த ஓசை எழுந்தால் நன்று; மங்கிய ஓசை எழுந்தால் விரிசல் உண்டென அறிந்து ஒதுக்குக. பொருத்திய பின் மூடியை இட்டு, விலகி நின்று ஒரு நிமிடம் வெறுமனே சுழலவிடுக. கண்ணாடியின்றி எவரும் அருகில் நிற்கலாகாது.

5. சாணை பிடிக்கும் முறை

பல்லைச் சக்கரத்தில் அழுத்திப் பிடியாமல் தொட்டுத் தொட்டு எடுக்க வேண்டும். எல்லாப் பற்களும் ஒரே நீளமும் ஒரே சாய்வும் பெறுதல் அவசியம். இல்லையேல் வெட்டு ஒருபுறமாக இழுக்கும். சக்கரத்தின் விளிம்பை அவ்வப்போது தீட்டுகல்லால் வளைவாக்கிப் புதுப்பித்து வர வேண்டும்.

ரம்பம் வைத்துள்ள பஞ்சாயத்துகள், சங்கிலியின் இடையளவையும் அதற்குரிய சக்கரத்தின் கனத்தையும் இருப்புப் பதிவேட்டில் குறித்து வைத்தல் நன்று. வாங்கச் செல்பவர் யாராயினும் தவறு நேராது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னதாக, புரட்டாசிக்குள் உபரிச் சங்கிலியொன்றைக் கூர்தீட்டி வைத்துக்கொள்வோமாக. புயல் வந்த பின் சக்கரம் தேடிப் புறப்பட வழியிராது. அவ்வழியைத் திறப்பதற்கே ரம்பம் வேண்டும்.