ரப்பர் தரை விரிப்பும் தீப்பாதுகாப்பும்

(இயந்திரவியல் துறை, இரண்டாம் ஆண்டு)



பிள்ளைப்பாக்கம் சிப்காட்டில் ஏதாவது ஒரு கம்பெனிக்கு இன்டர்வியூவுக்கோ இன்பிளான்ட் டிரெய்னிங்குக்கோ போயிருப்பீர்கள். உள்ளே நுழைந்ததும் நம் கண் மெஷின்களைத்தான் தேடும். கீழே என்ன விரித்திருக்கிறார்கள் என்று யாரும் பார்ப்பதில்லை. பேனல் ரூமில் கறுப்பு ரப்பர் மேட், மாடிப்படியில் வழுக்காத ரப்பர் பட்டை, அசெம்பிளி லைனில் நின்று வேலை செய்பவர்களின் கால் வலிக்காமலிருக்க கனமான மேட், ஜிம்மில் பழைய டயரை அரைத்துச் செய்த ஓடு. ஆஸ்பத்திரி, ஹாஸ்டல், மெட்ரோ ஸ்டேஷன் என்று எங்கே போனாலும் இதேதான். இந்த ரப்பர் தீப்பிடித்தால் என்ன ஆகும், அதை எப்படி அளக்கிறார்கள், சர்டிபிகேட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் பொருள். நம் சிலபஸில் இது இல்லை. ஆனால் நாளை மெயின்டனன்ஸிலோ பர்சேஸிலோ உட்காரப் போகிறவர்கள் நாம்தானே!

முதலில் ரப்பரைப் பார்ப்போம். இயற்கை ரப்பரும் சரி, டயரில் சேர்க்கும் எஸ்.பி.ஆர். என்ற செயற்கை ரப்பரும் சரி, கார்பனும் ஹைட்ரஜனும் கோத்த நீளச் சங்கிலிகள். சுருக்கமாகச் சொன்னால் திட வடிவ எரிபொருள். ஒரு கிலோ விறகு எரிந்து தரும் வெப்பத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஒரு கிலோ ரப்பர் தரும். ஒரு பொருள் எரிந்துகொண்டேயிருக்கக் காற்றில் குறைந்தது எத்தனை சதவீதம் ஆக்சிஜன் வேண்டும் என்பதை 'ஆக்சிஜன் குறியீடு' என்பார்கள். இயற்கை ரப்பருக்கு இது 18, 19 அளவில் வரும். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பதோ 21. அதாவது சாதாரண ரப்பர் ஒருமுறை பற்றிக்கொண்டால், பற்றவைத்த நெருப்பை எடுத்துவிட்டாலும் அது தானாக எரியும். டயர் கொளுத்துவதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இந்தக் குணத்தை மாற்ற இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, குளோரின் உள்ள ரப்பரைப் பயன்படுத்துவது. நியோபிரீன் அப்படிப்பட்டது. நெருப்பை விலக்கினால் அணைந்துவிடும். ஆனால் எரியும்போது ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும். ஈரத்தோடு சேர்ந்தால் அது ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண்ணையும் தொண்டையையும் எரிக்கும், எலக்ட்ரானிக் போர்டுகளையும் அரிக்கும். போன் செய்யும் கம்பெனிகள் நிறைந்த நம் பகுதியில் இது சின்ன விஷயமல்ல.

இன்னொன்று, ரப்பரைக் கலக்கும்போதே அலுமினியம் ஹைட்ராக்சைடு பொடியைச் சேர்ப்பது. இது எனக்கு மிகவும் பிடித்த தந்திரம்! பார்த்தால் வெறும் வெள்ளைப் பொடி. ஆனால் ஏறத்தாழ 200 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தண்ணீராக விட்டுவிடும். அந்தத் தண்ணீர் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், எரியும் வாயுவையும் நீர்த்துப்போகச் செய்யும். தண்ணீர் வாளியை ரப்பருக்குள்ளேயே ஒளித்து வைத்தது மாதிரி. நச்சுப்புகையும் அதிகம் சேராது. குறை என்னவென்றால் பொடியை நிறையச் சேர்க்க வேண்டும். அப்போது ரப்பர் விறைக்கும், சீக்கிரம் கிழியும். விலையும் கூடும். மலிவான மேட்டில் இந்தப் பொடியைத்தான் முதலில் குறைப்பார்கள் என்று சந்தேகப்படுவதில் தப்பில்லை.

இனி முக்கியமான கேள்வி. தீ மேல்நோக்கித்தானே போகும், தரையில் இருப்பது எப்படிப் பற்றும்?

நியாயமான கேள்விதான். குப்பைக்கூடையில் விழுந்த பீடித்துண்டால் தரை விரிப்பு பற்றுவது அபூர்வம். ஆபத்து வேறு மாதிரி வருகிறது. ஒரு அறை எரிகிறது, கதவு திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சூடான புகை வெளியே வந்து காரிடார் கூரைக்குக் கீழே படுக்கை விரித்தது போலத் தங்கும். அந்தப் புகைப்படுக்கை கீழ்நோக்கி வெப்பத்தை வீசும். மொட்டை மாடியில் சித்திரை வெயில் அடிப்பதைப்போல, ஆனால் அதைவிடப் பல மடங்கு. தரைக்கு வரும் வெப்பம் சதுர மீட்டருக்கு சுமார் 20 கிலோவாட் ஆகும்போது அறையில் உள்ள எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும். அதற்கு முந்தைய நிலையில், அதாவது 3, 5, 8 கிலோவாட் அளவிலேயே, காரிடார் தரையின் மேல் தீ ஓடுமா ஓடாதா என்பதுதான் உயிர்ப் பிரச்சினை. ஏனென்றால் ஆட்கள் ஓடி வருவதும் அதே காரிடார் வழியாகத்தான்.

இதை அளப்பதற்கான டெஸ்ட்டின் பெயர் ஐ.எஸ்.ஓ. 9239-1. அமெரிக்காவில் இதே மாதிரியான டெஸ்ட்டுக்கு ஏ.எஸ்.டி.எம். இ 648 என்று பெயர். 1050 மில்லிமீட்டர் நீளம், 230 மில்லிமீட்டர் அகலத்தில் விரிப்பை வெட்டிப் படுக்க வைக்கிறார்கள். அதற்கு மேலே கேஸில் எரியும் ஒரு வெப்பத்தட்டை 30 டிகிரி சாய்த்து வைக்கிறார்கள். சாய்வாக இருப்பதால் ஒரு முனையில் சதுர மீட்டருக்கு சுமார் 11 கிலோவாட் வெப்பம் விழும். தள்ளிப்போகப் போகக் குறைந்து மறுமுனையில் 1 கிலோவாட் அளவுக்கு வந்துவிடும். சூடான முனையில் சிறு தீச்சுடரைக் காட்டுகிறார்கள். தீ ஊர்ந்து போய் எங்கே தானாக நிற்கிறதோ, அந்த இடத்தில் விழும் வெப்ப அளவுதான் மார்க். டெஸ்ட் 30 நிமிடம் நடக்கும்.

இங்கே கவனியுங்கள். மார்க் அதிகமாக இருந்தால் நல்லது. 9 கிலோவாட்டிலேயே நின்றுவிட்டால் அவ்வளவு வெப்பம் இருந்தால்தான் அதன் மேல் தீ பரவும் என்று அர்த்தம். 2 கிலோவாட் வரை ஊர்ந்தால் கொஞ்ச வெப்பமே போதும் என்று அர்த்தம். சிலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஐரோப்பிய முறையில் (இ.என். 13501-1) இந்த மார்க் 8 கிலோவாட்டுக்குக் குறையாமல் இருந்தால் பி-எஃப்எல், 4.5-க்குக் குறையாமல் இருந்தால் சி-எஃப்எல், 3-க்குக் குறையாமல் இருந்தால் டி-எஃப்எல். இதோடு சிறு தீச்சுடரை 15 விநாடி காட்டும் தனி டெஸ்ட்டிலும் தேற வேண்டும். 'எஃப்எல்' என்ற வால் தரையைக் குறிக்கும். வால் இல்லாத வெறும் 'பி' சுவருக்கும் கூரைக்கும் உரியது, அது வேறு டெஸ்ட். எஸ்1 என்று எழுதியிருந்தால் புகை ஒரு வரம்புக்குள் இருக்கிறது என்று பொருள். எஸ்2 என்றால் அந்த வரம்புக்குள் வரவில்லை. அமெரிக்க முறையில் இரண்டே வகுப்புதான்: சதுர சென்டிமீட்டருக்கு 0.45 வாட் என்றால் முதல் வகுப்பு, 0.22 என்றால் இரண்டாம் வகுப்பு. யூனிட்டை மாற்றிப் பாருங்கள். 0.45 வாட்டும் ஐரோப்பாவின் 4.5 கிலோவாட்டும் ஒன்றே. ஆக, அமெரிக்காவின் முதல் வகுப்பு ஐரோப்பாவில் மூன்றாவது எழுத்தான 'சி' அளவு மார்க்தான்! 'ஃபர்ஸ்ட் கிளாஸ்' என்ற வார்த்தையில் மயங்கினால் இப்படித்தான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. நம் நாட்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு 2016-இன் நான்காம் பகுதி தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியது. சுவர், கூரைப் பூச்சுகளின் மேல் தீ பரவும் வேகத்தை நான்கு வகுப்பாகப் பிரிக்கிறார்கள். அங்கேயும் 'கிளாஸ் 1' உண்டு. அது சுவருக்கு. அமெரிக்கத் தரை டெஸ்ட்டின் 'கிளாஸ் 1' வேறு. பெயர் ஒன்று, ஆள் வேறு.

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு மேட் கடையில் விசாரித்தபோது நடந்ததைச் சொல்கிறேன். "அண்ணே, இது ஃபயர் ரேட்டிங் உள்ளதா?" என்றேன். "தம்பி, கவலையே வேணாம், இது பத்தவே பத்தாது" என்று ஒரு ஜெராக்ஸ் சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டினார். அதில் இருந்தது எஃப்.எம்.வி.எஸ்.எஸ். 302. அது கார் உட்புறப் பொருட்களுக்கான அமெரிக்க விதி! நிமிடத்துக்கு 102 மில்லிமீட்டர் வேகம் வரை தீ பரவினாலும் அதில் பாஸ். காருக்கு அது போதும். வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து சில விநாடியில் இறங்கிவிடலாம். நான்காவது மாடியில் தூங்குகிறவர் அப்படி இறங்க முடியுமா? கடைக்காரர் ஏமாற்றினார் என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு வந்த காகிதத்தை அவர் காட்டினார். கார் கம்பெனிகள் சூழ்ந்த ஊரில் கார் சர்டிபிகேட் கைக்குக் கை மாறுவது இயல்புதான். அதேபோல எலக்ட்ரானிக்ஸ் ஆட்கள் 'யு.எல். 94 வி-0' என்பார்கள். அது பிளாஸ்டிக் பாகங்களுக்கு. 'இரண்டு மணி நேர ரேட்டிங்' என்பது தீக்கதவுக்கும் சுவருக்கும். விரிப்புக்கு மணிக்கணக்கு கிடையாது.

நாம் தினமும் பார்க்கும் பேனல் ரூம் மேட்டுக்கு நம் நாட்டுத் தரமே இருக்கிறது. ஐ.எஸ். 15652, வருடம் 2006. பழைய ஐ.எஸ். 5424-க்குப் பதிலாக வந்தது. 3.3 கிலோவோல்ட் வரை 2 மில்லிமீட்டர், 11 கிலோவோல்ட்டுக்கு 2.5, 33 கிலோவோல்ட்டுக்கு 3 மில்லிமீட்டர் கனம். மின்சாரம் தாங்குவதோடு தீ பரவாமையும் இதில் சோதிக்கப்படுகிறது. மேட்டின் மேலேயே ஐ.எஸ். எண் அச்சிட்டிருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கனமாக இருந்தால் நல்ல மேட் என்று நினைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

புகையைப் பற்றித் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். தீ விபத்துகளில் பலர் தீயால் அல்ல, புகையால்தான் இறக்கிறார்கள். டெல்லி உபகார் தியேட்டரில் 1997 ஜூன் 13 அன்று கீழ்த்தளத்து டிரான்ஸ்பார்மரில் பிடித்த தீயின் புகை மேலேறி 59 பேரைக் கொன்றது. பெரும்பாலோர் மூச்சுத்திணறி இறந்தவர்கள். கொல்கத்தாவில் 2011 டிசம்பரில் ஒரு ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில் பிடித்த தீயால் சுமார் 90 பேர் இறந்தார்கள். அங்கேயும் புகைதான். நம் திண்டுக்கல்லில் 2024 டிசம்பர் 12 இரவு ஒரு தனியார் மருத்துவமனைத் தீயில் ஆறு பேருக்குக் குறையாமல் பலியானார்கள். லிஃப்டுக்குள் மயங்கிக் கிடந்தவர்களைத்தான் வெளியே எடுத்தார்கள். இவற்றுக்கெல்லாம் தரை விரிப்பு காரணம் என்று நான் சொல்லவில்லை. புகை எவ்வளவு சீக்கிரம் ஆளைச் சாய்க்கும் என்பதற்காகச் சொல்கிறேன். தென்கொரியாவின் டேகு நகரச் சுரங்க ரயிலில் 2003 பிப்ரவரி 18 அன்று ஒருவன் வைத்த தீ, பெட்டியின் உட்புறப் பொருட்களில் பரவி, எதிரே வந்து நின்ற ரயிலையும் பிடித்து, 192 உயிர்களைப் பறித்தது. அதன் பிறகே அங்கே ரயில் பெட்டிகளின் உட்புறத்தை எளிதில் எரியாத பொருளுக்கு மாற்றினார்கள்.

எரியும் ரப்பரின் கரும்புகையில் எப்போதும் கார்பன் மோனாக்சைடு இருக்கும். கந்தகம் சேர்த்துப் பதப்படுத்திய ரப்பரில் சல்பர் டை ஆக்சைடு வரும். எண்ணெய் தாங்குவதற்காகப் போடும் நைட்ரைல் ரப்பரில் ஹைட்ரஜன் சயனைடும் வரலாம். அதனால்தான் 'பி-எஃப்எல்' என்ற எழுத்தோடு நிற்காமல் அதற்குப் பின்னால் எஸ்1 இருக்கிறதா என்று பார்க்கச் சொல்கிறேன். என்னைக் கேட்டால் ஹாஸ்டலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் அந்த எஸ்1 தான் முதல் கேள்வி. அமெரிக்கச் சர்டிபிகேட்டாக இருந்தால் புகைக்கு ஏ.எஸ்.டி.எம். இ 662 டெஸ்ட்டைத் தனியாகத் தேட வேண்டும். அதில் 450-க்குள் இருக்க வேண்டும் என்று பல இடங்களில் கேட்கிறார்கள்.

இதை நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. நம் பக்கத்திலேயே வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் அளவுக்கு சிப்காட் கட்டிய விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. அதைத் தவிர ஒரகடம் வரை எத்தனையோ தனியார் ஹாஸ்டல்கள். என் அக்காவும் அப்படி ஒன்றில்தான் தங்கியிருக்கிறாள். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் ஜன்னலை மூடித் தூங்குகிறவர்கள் அவர்கள். காரிடாரில் புகை வந்தால் எழுந்து, புரிந்துகொண்டு, படியைத் தேடுவதற்கு அவர்களுக்கு மற்றவர்களைவிட நேரம் கூடுதலாக ஆகும். தரை விரிப்பு வாங்கித் தரக்கூடிய இரண்டு மூன்று நிமிடம் அங்கே பெரிய சொத்து. சர்டிபிகேட் முழுக்க இங்கிலீஷில் இருக்கும். அதைப் படித்துச் சொல்லும் வேலை, வீட்டில் முதலில் படிக்க வந்த நம்மைப் போன்றவர்களுக்குத்தான் வரும்.

கடைசியாக ஒரு விஷயம். டெஸ்ட்டில் விரிப்பை மட்டும் தனியாக எரிப்பதில்லை. கீழே என்ன தளம், எந்தப் பசை, எத்தனை மில்லிமீட்டர் கனம் என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கும். சிமென்ட் பலகை மேல் ஒட்டி வாங்கிய பி-எஃப்எல் ரேட்டிங்கை, பிளைவுட் மேடை மேல் வேறு பசையால் ஒட்டிவிட்டு உரிமை கொண்டாட முடியாது. சிமென்ட் தரை வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும், பிளைவுட் தானே எரியும். விரிப்புக்குக் கீழே மெத்தென்று ஃபோம் கொடுத்திருந்தாலும் இதே கதை. ஆகவே ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் உள்ள வகுப்பை மட்டும் பார்க்காமல், உள்ளே 'மவுன்டிங்' என்று இருக்கும் பகுதியைத் திருப்பிப் பாருங்கள். ஜெராக்ஸில் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் காணாமல் போயிருக்கும். முழு ரிப்போர்ட்டையும் கேட்டு வாங்குங்கள்.