லேஅவுட் மென்பொருள் எழுதப் போகிறீர்களா?

சிப் லேஅவுட் மென்பொருளை ஓட்டத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். அதை எழுதத் தெரிந்தவர்கள் சொற்பம். எழுதுகிற பக்கம் போக நினைப்பவருக்குத் திறமூலத் திட்டங்களைவிட நல்ல பயிற்சிக்கூடம் கிடையாது.

1980களில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் மாணவர்களும் எழுதிய மேஜிக் என்ற திறமூல லேஅவுட் மென்பொருள் இன்னும் புழக்கத்தில் இருக்கிறது. இன்னொரு திறமூலக் கருவியான கேலேஅவுட் சி++ல் எழுதப்பட்டது. ரூபி, பைத்தான் ஸ்கிரிப்டுகளை ஏற்கும். சிப் தொழிற்சாலைகளின் விதிகள்தான் வெகுகாலம் ரகசியமாகவே இருந்தன. 2020ல் கூகுளும் சிப் தொழிற்சாலை நிறுவனமான ஸ்கைவாட்டரும் 130 நானோமீட்டர் பிடிகே-வை, அதாவது அந்த விதிகள் அடங்கிய தொகுப்பை, வெளியிட்ட பிறகு, நிஜமான விதிகளை வைத்தே யாரும் சோதித்துப் பார்க்கலாம் என்றாகிவிட்டது.

புதிதாக வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கம்பிப் பாதைகளை வகுக்கும் ரவுட்டர் எழுத உட்காருகிறார்கள். வேண்டாம். லேஅவுட் விதிகளுக்குள் இருக்கிறதா என்று சரிபார்க்கும் டிஆர்சி பக்கம் போங்கள். ஸ்கைவாட்டர் பிடிகே-வில் முதல் உலோக அடுக்கின் கம்பி 140 நானோமீட்டர் அகலமாவது இருக்க வேண்டும். 135ல் ஒன்று, 140ல் ஒன்று எனச் செவ்வகங்கள் வரையுங்கள். முதலாவது மட்டும் மாட்ட வேண்டும். அடுத்து இடைவெளி, குறைந்தபட்சம் அதுவும் 140தான். இரண்டு சதுரங்களைக் குறுக்காக, பக்கவாட்டில் 100, மேல்வாட்டில் 100 தள்ளி வையுங்கள். நேர்கோட்டில் மூலைக்கு மூலை 141க்குச் சற்று மேல், பிழை இல்லை. இரண்டு திசையையும் தனித்தனியாக அளக்கிற நிரல் பிழை என்று கத்தும். அது நிரலின் பக். இப்படி நாலு வடிவத்துக்குள் அடங்கும் ஜிடிஎஸ் (லேஅவுட் வடிவங்களைச் சேமிக்கும் வடிவம்) கோப்போடு வரும் பக் ரிப்போர்ட்டைத் திட்டத்தை நடத்துகிறவர்கள் உடனே பார்ப்பார்கள். முழு சிப்பையும் அனுப்பிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்றால் யார் பார்ப்பார்கள்?

ஜிடிஎஸ்-ல் ஆயத்தொலைவுகள் எல்லாம் முழு எண்கள். ஒரு வடிவத்தை 45 பாகை திருப்பினால் ரவுண்டிங் பிழை எட்டிப் பார்க்கும். கணிப்பு வடிவியலை ஒழுங்காகப் படிக்காமல் இங்கே காலம் தள்ள முடியாது. திரையில் பட்டன் வைப்பதெல்லாம் பிறகு கற்றுக்கொள்ளலாம்.

ஏற்கெனவே சிப் நிறுவனத்தில் வேலையில் இருப்பவர்கள், பேட்ச் அனுப்பும் முன் வேலை ஒப்பந்தத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். வெளியில் எழுதும் நிரலுக்கும் நிறுவனம் உரிமை கொண்டாடலாம். எழுத்தில் அனுமதி வாங்குவது நல்லது. அலுவலக பிடிகே-வின் ஒரு விதியைக்கூட, டெஸ்ட் கேஸுக்காக என்றாலும், வெளியே கொண்டுபோகாதீர்கள். அதே பக்கை ஸ்கைவாட்டர் விதியில் வரவழைத்துக் காட்டுங்கள், பெரும்பாலும் வரும்.