மூழ்கு கருவிக்கு மிதவை

கடலில் மூழ்கித் தொழில் செய்வோரின் கைவிளக்கு நழுவினால், பல நாள் கூலி கடலோடு போய்விடும். அதைத் தடுக்கும் மிதவையை நாமே செய்துகொள்ளலாம்.

முதலில் விளக்கைக் கடல்நீரில் அமிழ்த்தி, வில்தராசில் நிறுத்துப் பார்ப்போம். 200 கிராம் காட்டினால், அதற்குச் சற்று மிகுந்த தூக்குவிசை வேண்டும். ஒரு லிட்டர் பருமனுள்ள மிதவை ஏறக்குறைய 1,025 கிராம் கடல்நீரை விலக்கும். அதில் மிதவையின் எடை போக எஞ்சுவதே தூக்குவிசை.

மெல்லிய பாட்டில் உதவாது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இருமடங்காகி, உள்ளிருக்கும் காற்று பாதியாகச் சுருங்கும். ஆகவே, கெட்டியான பி.வி.சி. குழாயின் இருமுனைகளையும் மூடியிட்டுப் பசையால் ஒட்டுக. கல் கட்டி, தொழில் செய்யும் ஆழத்திற்கு இறக்கி எடுத்து, எடை கூடியுள்ளதா எனப் பார்க்க.

இது கருவிக்கு மட்டுமே; இதை நம்பி ஆள் மூழ்கலாகாதென வற்புறுத்துகிறோம்.