தட்டுப்பாட்டு விலை நிற்குமா?

சரக்கு அருகினால் விலை ஏறும் என்பது நாம் அறிந்ததே. ஏறிய விலை நிற்குமா என்பதற்கு ஜெர்மனியின் போர்ஷே கார் நல்ல பாடம்.

2013இல் வந்த அதன் 911 ஜிடி3 பந்தயரகக் காரில் கையால் மாற்றும் கியர் இல்லை. 2016இல் அந்தக் கியருடன் 911 ஆர் என்ற கார் 991 மட்டுமே செய்யப்பட்டது. கைமாறும்போது புதுவிலையைப் போல் பல மடங்கு கேட்டனர். 2017இல் ஜிடி3யிலேயே கை கியர் திரும்பி வந்தது. 911 ஆர் மறுவிற்பனை விலை சரிந்தது. புதிதாய் வாங்கியவருக்கு நட்டமில்லை; உச்சத்தில் வாங்கியவரே கையைச் சுட்டுக்கொண்டார்.

வணிகர்களே, மிளகாய்க்கும் புளிக்கும் இதே கணக்குத்தான். தட்டுப்பாடு விளைச்சல் குறைவாலா, லாரி தாமதத்தாலா என்று முதலில் விசாரிப்போம். வரத்து திரும்பக்கூடிய சரக்கை வட்டிக்குக் கடன் வாங்கி அடுக்க வேண்டாம்.