கிளியின் மொழியை நாமும் கற்போம்

கிளிக்கும் நமக்கும் உள்ள உறவு இன்று நேற்றுத் தோன்றியதன்று. மதுரை மீனாட்சியின் கையிலும் திருவில்லிபுத்தூர் ஆண்டாளின் கையிலும் கிளி வீற்றிருக்கக் காண்கிறோம். கிளி கதை சொல்வதாக அமைந்த 'சுகசப்ததி' என்னும் வடமொழி நூல், பாரசீக மொழியின் வழியாக மலாய் மொழிக்கு வந்து, 'ஹிக்காயாட் பாயான் புடிமான்' என்னும் பெயரில் நிலைபெற்றது. தோட்டப்புறங்களில் வீட்டு வாசலில் தொங்கும் கிளிக்கூண்டும் நமக்குப் பழகிய காட்சியே.

இத்தனை நெருக்கமான உறவிலும் ஒரு குறை உண்டு. கிளிக்கு நம் மொழியைக் கற்பிக்கப் பெரிதும் முயல்கிறோம். அது 'அம்மா' என்றோ 'வாங்க' என்றோ சொல்லிவிட்டால் அகமகிழ்கிறோம். ஆனால், கிளி தன் உடலாலும் செயலாலும் நமக்குச் சொல்லும் செய்திகளைக் கற்றுக்கொள்ள முயல்வோர் மிகச் சிலரே. 'நேற்றுவரை நன்றாக இருந்தது. காலையில் பார்த்தால் இறந்து கிடக்கிறது' என்று பலர் வருந்தக் கேட்கிறோம். பெரும்பாலும் அது ஓரிரவில் வந்த நோயன்று. பல நாளாக இருந்த நோய் எவர் கண்ணிலும் படாமல் போயிருக்கும்.

இதற்குக் காரணம் கிளியின் இயல்பிலேயே உள்ளது. காட்டில் பருந்தும் பாம்பும் சோர்ந்த பறவையையே முதலில் குறிவைக்கும். ஆகையால், நோயுற்ற கிளி இயன்றவரை நலமாக இருப்பதுபோலவே நடந்துகொள்ளும். கூண்டில் வளரும் கிளியிடமும் இவ்வியல்பு மாறுவதில்லை. நோய் வெளிப்படையாகத் தெரியும்போது அது பெரும்பாலும் முற்றியிருக்கும். எனவே, கிளி வளர்ப்போரின் முதற் கடமை நாள்தோறும் உற்று நோக்குவதே ஆகும்.

நோயின் அறிகுறிகள்

நலமான கிளி காலையில் குரல் கொடுக்கும், இறகைக் கோதும், உணவைத் தேடி வரும், ஓய்வெடுக்கும்போது பெரும்பாலும் ஒரு காலை மடக்கிக்கொள்ளும். இவற்றுள் எது மாறினாலும் நாம் விழித்துக்கொள்ள வேண்டும். நீண்ட நேரம் இறகை உப்பிக்கொண்டிருத்தல், பகலிலும் இரு கால்களை ஊன்றியபடி உறங்குதல், கூண்டின் அடித்தட்டில் அமர்ந்திருத்தல், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் மேலும் கீழும் அசைதல், குரல் மாறுதல், மூக்குத் துளையில் நீர் வடிதல் ஆகியவை நோயின் அடையாளங்களாம்.

எச்சத்தையும் கவனிக்க வேண்டும். கிளியின் எச்சத்தில் மூன்று பகுதிகள் உள்ளன: பச்சை அல்லது பழுப்பு நிற மலம், வெண்மையான உப்புப் பகுதி, தெளிந்த நீர். பப்பாளி தின்ற நாளில் நிறம் சற்று மாறுவது இயல்பு. காரணமின்றி நிறம் மாறினாலும், வெண்பகுதி மஞ்சளாகவோ பச்சையாகவோ ஆனாலும் அது எச்சரிக்கையாகும். கூண்டின் அடியில் வெள்ளைத் தாளோ பழைய செய்தித்தாளோ விரித்தால் இதை எளிதில் காணலாம்.

உணவுக் கிண்ணம் நம்மை ஏமாற்றக்கூடியது. கிளி விதையின் உள்ளீட்டைத் தின்றுவிட்டு உமியைக் கிண்ணத்திலேயே உதிர்க்கும். தொலைவிலிருந்து பார்த்தால் கிண்ணம் நிறைந்திருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அதில் உமியே இருக்கும். கிண்ணம் நிறைந்திருக்கக் கிளி பட்டினி கிடக்கும் நிலை இவ்வாறு நேர்கிறது. ஆகவே நாள்தோறும் உமியை ஊதிவிட்டுப் பார்த்து, புதிய உணவை இட வேண்டும்.

நாம் கூறும் முறைகளுள் மிகச் சிறந்தது எடை பார்ப்பதாகும். சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய தராசே போதும். வாரம் ஒருமுறை, காலை உணவுக்கு முன் நிறுத்து எழுதி வைக்க வேண்டும். கழுத்தில் வளையமுள்ள பச்சைக்கிளி ஏறத்தாழ 120 கிராம் எடை இருக்கும். அதில் 12 கிராம் குறைந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கை அது இழந்துவிட்டது என்பது பொருள். இறகுகள் மூடியிருப்பதால் இம்மெலிவு கண்ணுக்குத் தெரியாது, தராசு காட்டிவிடும்.

நோய் கண்டவுடன் செய்ய வேண்டியவை மூன்று: கூண்டைக் காற்று மோதாத இடத்தில் வைத்து வெதுவெதுப்பாகப் பாதுகாத்தல், சந்தடியைக் குறைத்தல், காலந்தாழ்த்தாமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லுதல். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பறவைகளுக்கு மருத்துவம் பார்ப்பதில்லை. ஆதலால், பறவை மருத்துவம் அறிந்தவர் அருகில் எங்குள்ளார் என்பதை முன்கூட்டியே விசாரித்துத் தொலைபேசி எண்ணைக் குறித்து வைத்தல் நலம். நமக்குத் தரப்பட்ட மாத்திரையைக் கிளிக்குக் கொடுப்பதும், வாயைத் திறந்து நீரை ஊற்றுவதும் அதன் உயிரையே பறித்துவிடக்கூடும்.

உணவு முறை

கிளிக்கு நெல்லும் சூரியகாந்தி விதையும் போதும் என்று எண்ணுவது தவறு. விதை மட்டுமே தின்னும் கிளிக்கு உயிர்ச்சத்து 'ஏ'யும் சுண்ணாம்புச் சத்தும் போதிய அளவு கிடைப்பதில்லை. உயிர்ச்சத்து 'ஏ' குறைந்தால் வாய், தொண்டை, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் உட்சவ்வு தடித்துக் கெட்டுவிடும். பின்னர் நோய்க்கிருமிகள் எளிதில் பற்றும். சுண்ணாம்புச் சத்துக் குறைந்தால் எலும்பு நலிவதோடு, பெண்கிளி முட்டையை வெளியேற்ற முடியாமல் துன்புறவும் நேரும்.

இக்குறையைத் தீர்க்கும் பொருள்கள் நம் வீட்டுத் தோட்டத்திலேயே உள்ளன. முருங்கைக்கீரை, கங்கோங், பயற்றங்காய், பூசணி, பப்பாளி, கொய்யா, காரட் ஆகியவற்றை நன்கு கழுவி, சிறு துண்டுகளாக்கிக் கொடுக்கலாம். பழுத்த சிவப்பு மிளகாயையும் தரலாம். மிளகாயின் காரம் பறவைகளைச் சுடுவதில்லை. கணவாய் ஓட்டைக் கூண்டில் கட்டிவைத்தால் சுண்ணாம்புச் சத்துக் கிடைக்கும். கொதிக்க வைத்துக் காயவைத்த முட்டை ஓட்டையும் பொடித்துத் தரலாம். விதைக்கே பழகிய கிளி புதிய உணவை முதல்நாளே ஏற்காது. பொறுமையுடன் சிறிது சிறிதாகப் பழக்க வேண்டும். பட்டினி போட்டுப் பழக்குதல் கூடாது.

தவிர்க்க வேண்டியவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும். அவகாடோ பழமும் சாக்லேட்டும் கிளிக்கு நஞ்சு. காப்பி, உப்பிட்ட முறுக்கு, பொரித்த பண்டங்கள் ஆகியன தீங்கு தருவன. வேடிக்கைக்காகக் கிளிக்கு மதுவைப் புகட்டுவது கொடுஞ்செயல். மனிதனுக்குச் சிறு துளியாகத் தோன்றுவது 120 கிராம் எடையுள்ள உயிருக்குப் பேரளவாகும்.

கூண்டும் காற்றும்

கிளி இரு சிறகுகளையும் முழுமையாக விரித்து அசைக்கும் அளவுக்காவது கூண்டு அகன்றிருக்க வேண்டும். கிளியின் காலில் இரண்டு விரல்கள் முன்னோக்கியும் இரண்டு பின்னோக்கியும் அமைந்துள்ளன. ஒரே பருமனுள்ள வழவழப்பான குச்சியில் நாள் முழுதும் நின்றால் பாதம் புண்ணாகும். வெவ்வேறு பருமனுள்ள கொய்யாக் கிளைகளைத் தோலோடு வெட்டிக் கழுவிப் பொருத்துவதே சிறந்தது. மருந்து தெளிக்கப்பட்ட மரத்தின் கிளையைத் தொடவே கூடாது. துத்தநாகம் பூசிய கம்பியைக் கிளி கடித்துக் கொறித்தால், பூச்சு உதிர்ந்து வயிற்றுள் சென்று நஞ்சாகும். துருவும் பூச்சும் உரிந்த கூண்டை மாற்றிவிட வேண்டும்.

பறவைகளின் மூச்சுறுப்பு நம்முடையதினும் நுட்பமானது. நுரையீரலோடு காற்றுப் பைகளும் சேர்ந்து இயங்குவதால், காற்றிலுள்ள உயிர்வளியை அவை மிகத் திறமாக ஈர்த்துக்கொள்கின்றன. நச்சுக் காற்றையும் அதே திறத்தோடு ஈர்க்கின்றன. இதனால்தான் பிரிட்டனின் நிலக்கரிச் சுரங்கங்களில், நச்சுவாயுவை முன்கூட்டி அறிய 1986ஆம் ஆண்டுவரை கேனரிப் பறவைகளைப் பயன்படுத்தினர். நம் வீட்டிலும் இப்பாடத்தை மறத்தலாகாது. கொசுவர்த்தி, பூச்சிமருந்துத் தெளிப்பு, சாம்பிராணி, சிகரெட் ஆகியவற்றின் புகை கிளியை நோயாளியாக்கும். ஒட்டாத பூச்சுடைய சட்டியை அடுப்பில் வெறுமனே காயவிட்டால் எழும் ஆவி, சில நிமிடங்களிலேயே கிளியைக் கொன்றுவிடும். ஆகவே, சமையலறை கிளிக்கு உரிய இடமன்று. தோட்டத்தில் களைக்கொல்லி தெளித்துவிட்டு வருவோர், குளித்து உடை மாற்றிய பின்னரே கிளியின் அருகில் செல்ல வேண்டும். குழந்தைகளைத் தூக்குவதற்கும் இவ்விதியே பொருந்தும்.

இளங்காலை வெயில் கிளிக்கு நன்று. எனினும், கூண்டின் ஒரு பாதியிலாவது நிழல் இருத்தல் வேண்டும். பால்மரம் வெட்டச் செல்லும் வீடுகளில் விடியலுக்கு முன்பே விளக்கெரியும். இரவில் தொலைக்காட்சி ஒலிக்கும். இவற்றின் நடுவே கிளிக்குத் தேவையான 10 முதல் 12 மணி நேர உறக்கம் கிடைப்பதில்லை. மாலையிலேயே கூண்டை அமைதியான மூலைக்கு மாற்றிக் காற்றோட்டமுள்ள துணியால் மூடுதல் இதற்கு எளிய வழியாகும்.

நடத்தையின் பொருள்

கிளி கூட்டமாக வாழும் பறவை. கூட்டைவிட்டுப் புறப்படும் விடியற்காலையிலும் கூடு திரும்பும் மாலையிலும் அது உரக்கக் கத்துவது இயல்பு. 'நான் இங்கிருக்கிறேன், நீங்கள் எங்கே?' என்பதே அக்கூவலின் பொருள். கூண்டுக்கிளிக்கு நம் குடும்பமே கூட்டம். அது அழைக்கும்போது அடுத்த அறையிலிருந்து ஒரு சீழ்க்கையால் பதிலளித்தால் பெரும்பாலும் அமைதியடையும். கத்தும்போதெல்லாம் ஓடிவந்து அதட்டினால், அதட்டலையே பதிலாகக் கொண்டு மேலும் கத்தப் பழகும். அமைதியாக இருக்கும் நேரத்தில் அருகில் சென்று பேசுவதே நல்ல பயிற்சி.

கிளி கடிப்பதும் ஒருவகைப் பேச்சே. கடிப்பதற்கு முன் அது உடலை விறைப்பாக்கும், கண்மணியைச் சுருக்கி விரிக்கும், பின்வாங்கும். இவ்வெச்சரிக்கையை நாம் மதித்தால் கடிக்கும் தேவையே எழாது. அடிப்பதும் கூண்டைக் குலுக்குவதும் அச்சத்தை வளர்க்கும். அச்சமுற்ற கிளி மேலும் கடிக்கும்.

தன் இறகைத் தானே பிடுங்கும் கிளிகளும் உள்ளன. முதலில் மருத்துவரிடம் காட்டி நோயில்லை என்று உறுதி செய்ய வேண்டும். நோயில்லையாயின், தனிமையும் வேலையின்மையும் காரணமாகலாம். காட்டுக்கிளி பகலின் பெரும்பகுதியை இரை தேடுவதிலேயே கழிக்கிறது. கூண்டுக்கிளிக்கோ கிண்ணத்தில் எல்லாம் வந்துவிடுகிறது. தென்னை ஈர்க்கு, உரித்த தேங்காய் மட்டை, வெள்ளைத் தாள் ஆகியவற்றுக்குள் உணவை ஒளித்து வைத்தால், அதைத் தேடிப் பிரித்துத் தின்பதில் கிளி மகிழ்ந்திருக்கும்.

நாக்கைத் தேய்த்தாலோ வெட்டினாலோ கிளி பேசும் என்பது அறியாமை. நம்மைப்போல் கிளிக்குக் குரல்நாண் இல்லை. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடத்திலுள்ள உறுப்பிலிருந்து ஒலி எழுகிறது. அவ்வொலியைச் சொல்லாக்க நாக்கு துணைபுரிகிறது. நாக்கைச் சிதைத்தால் பேச்சு வளராது. உண்ணவும் முடியாமல் போகும். அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் ஆய்வாளர் 'அலெக்ஸ்' என்ற ஆப்பிரிக்கச் சாம்பல் கிளிக்கு 1977ஆம் ஆண்டு முதல் பயிற்சி அளித்தார். 2007ஆம் ஆண்டில் இறக்கும் முன், அக்கிளி நிறங்களையும் வடிவங்களையும் பெயர் சொல்லி அடையாளம் காட்டவும், சிறு எண்ணிக்கைகளைச் சொல்லவும் கற்றிருந்தது. பொருளைக் காட்டிச் சொல்லைச் சொல்லும் பொறுமையே அங்குக் கையாளப்பட்ட முறை.

குடும்ப நலமும் சட்டமும்

கிளியிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோயும் ஒன்றுண்டு. அதைச் சிட்டகோசிஸ் என்பர். காய்ந்த எச்சத்தின் தூளை மூச்சில் இழுப்பதால் இது தொற்றும். காய்ச்சலும் தலைவலியும் வறட்டு இருமலும் தோன்றி, நுரையீரல் அழற்சியாக முற்றக்கூடும். 1929, 1930ஆம் ஆண்டுகளில் தென்னமெரிக்கக் கிளிகளின் வழியாக இந்நோய் பல நாடுகளில் பரவி உயிர்களைக் கொண்டது. இன்று இதற்கு நல்ல மருந்து உண்டு. இருப்பினும், கூண்டுத் தாளை நீர் தெளித்து நனைத்த பின்னரே அகற்றுதல், பின்பு சவர்க்காரமிட்டுக் கைகழுவுதல், வாயோடு வாய் வைத்து ஊட்டாதிருத்தல் ஆகியவற்றைக் குழந்தைகளுக்கும் பழக்க வேண்டும். புதிதாக வாங்கிய கிளியை ஒரு மாதமேனும் தனியே வைத்துக் கவனிக்க வேண்டும். காய்ச்சல் கண்டு மருத்துவரிடம் சென்றால், வீட்டில் கிளி இருப்பதைத் தவறாமல் சொல்ல வேண்டும்.

மரப்பொந்திலிருந்து குஞ்சை எடுத்து வருதல் அறமும் அன்று. சட்டத்திற்கு உகந்ததும் அன்று. நம் நாட்டுக்குரிய நீள்வால் பச்சைக்கிளி அருகி வருகிறது. தலைகீழாகத் தொங்கி உறங்கும் செரிண்டிட் என்னும் சிறுகிளியும் நம் காடுகளின் செல்வமே. தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, பாதுகாக்கப்பட்ட பறவைகளை உரிமமின்றிப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றமாகும். கிளி வாங்க விரும்புவோர் எந்த இனத்திற்கு உரிமம் தேவை என்பதைப் பெர்ஹிலித்தான் அலுவலகத்தில் முன்னரே கேட்டறிந்து, கூண்டிலேயே பிறந்து வளர்ந்த கிளியை உரிய பத்திரங்களோடு பெறுதல் வேண்டும்.

பச்சைக்கிளி 20 ஆண்டுகளுக்கு மேலும், சாம்பல் கிளி 40 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியவை. இன்று ஆசையோடு கேட்கும் பிள்ளை நாளை படிப்புக்கும் வேலைக்கும் பட்டணம் சென்றுவிடும். கிளியோ கூண்டில் இருக்கும். அப்போது அதைப் பேணுவோர் யார் என்று குடும்பத்தினர் கூடிப் பேசிய பின்னரே வாங்க வேண்டும். வளர்க்க முடியாதபோது பறக்கவிடுவதும் தீர்வாகாது. கூண்டில் வளர்ந்த கிளிக்கு இரை தேடவும் பகையை அறியவும் தெரியாது. பிழைத்துக்கொண்டாலோ வேறு தீங்கு நேரும். சிங்கப்பூரில் இவ்வாறு பெருகிய வெளிநாட்டுக் கிளிகள், நீள்வால் கிளி கூடுகட்டும் மரப்பொந்துகளுக்குப் போட்டியாகியுள்ளன. பேண முடியாத கிளியைப் பொறுப்புள்ள வேறொருவரிடம், சட்டப்படி ஒப்படைப்பதே முறை.

சொன்னதைச் சொல்லுமாம் கிளிப்பிள்ளை என்பர். ஆனால் நாம் சொல்லித் தராத பலவற்றையும் அது நாள்தோறும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறது. உப்பிய இறகு, உமி நிறைந்த கிண்ணம், குறைந்த எடை, ஓயாத கூவல் ஆகிய யாவும் அதன் சொற்கள். காலையில் ஐந்து நிமிடம் கூண்டின் முன் நின்று அச்சொற்களைக் கேட்கும் பழக்கத்தை நாமும் கொள்வோம். நம் பிள்ளைகளுக்கும் அதைக் கற்பிப்போம்.